ஐம்பத்தாறும் நான்கும்

ஐம்பத்தாறாவது அடி விழுந்ததும் கயிற்றை விட்டுவிட்டேன்.

விட்ட கயிறு இரண்டு முறை ஆடி, சுவரில் ஒரு தட்டு தட்டி நின்றது. மேலே நடு மணியின் ஓசை அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜன்னல் வழியாக மதிய வெயில் வந்து என் கால் கட்டை விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது. இடது கையில் பாஸ்டர் ஐயா கொடுத்த துண்டுச் சீட்டு. அதில் இறந்தவளின் பெயர், தகப்பன் பெயர், அதற்குக் கீழே 60 என்று எழுதி ஒரு வட்டம்.

பதினோரு வருஷமாக மணி அடித்திருக்கிறேன். சீட்டில் இருப்பதைவிட ஒன்று கூடவோ குறைவாகவோ அடித்தது கிடையாது. அன்றைக்கு நான்கு குறைத்து அடித்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

இதை எழுத இரண்டு வருஷம் காத்திருந்தேன். சம்பந்தப்பட்டவள் போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். "இப்ப எழுதிக்கோ, ஒண்ணும் ஆவாது" என்று அவளே சொன்னாள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். வயதுகளை மாற்றவில்லை. அவற்றை நான் வேறு மாற்றினால் தாங்காது.

மூன்று மணி

ஆம்பூரில் எங்கள் சர்ச் கோபுரத்தில் மூன்று மணிகள் இருக்கின்றன. பெரியது, நடு, சின்னது. அவற்றுக்கு வேறு பெயர் கிடையாது. கயிறுகள் மூன்றும் முதல் மாடியில் ஒரு சிறிய அறைக்குள் இறங்கும். அந்த அறைக்கு இருபத்திரண்டு படி. அதிலே ஒன்பதாவது படி உடைந்திருக்கிறது, கமிட்டி ஒவ்வொரு வருஷமும் அதைச் சரி செய்வதாகத் தீர்மானம் போடும்.

முன்பு மணி அடித்தவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மணியே அடிக்காததால் பாதிப் பேர் ஆராதனைக்குத் தாமதமாக வந்தார்கள். பாடகர் குழுவில் நின்ற நான், "கயிறு இழுக்க ஆள் இல்லையா, நான் இழுக்கிறேன்" என்று வாயைக் கொடுத்தேன். அன்று ஆரம்பித்தது.

"பொம்பள மணி அடிக்கலாமா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். "ஷூ கம்பெனியில நாள் பூரா மெஷின் மிதிக்கலாம், மணி அடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அதன்பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. எனக்கும் அதில் ஒன்றும் நஷ்டமில்லை.

இரண்டாவது வாரமே மானம் போயிற்று. ஒரு கல்யாணத்துக்கு அடிக்கச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு மூன்று மணியும் கலந்து, நிற்காமல் அடிக்க வேண்டும். எனக்குப் பயம், நடு மணியை மட்டும் பிடித்து நிதானமாக, ஒன்று ஒன்றாக அடித்தேன். சாவுக்குத்தான் அப்படி அடிப்பார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா கையில் சாப்பாட்டோடு பந்தியிலிருந்து ஓடி வந்து, "இன்னாம்மா, யாரு போய்ட்டாங்க?" என்றார். அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வழியில் பார்த்தால் இன்னமும், "எஸ்தர்க்கா, என் சாவு மணிதான் முன்னாடியே அடிச்சிட்டியே" என்பாள்.

பிறகு பழகிவிட்டது. கிறிஸ்துமஸ் காலையில் இரண்டு கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்வேன். சின்ன மணியின் கயிற்றில் ஒரு வளையம் போட்டுக் காலால் மிதிப்பேன். தையல் மெஷின் மிதித்த கால், சொன்னபடி கேட்கும்.

கயிறு நைலான். நாலு நாள் தொடர்ந்து இழுத்தால் உள்ளங்கை கிழியும். என் கையைப் பார்த்துவிட்டு, ஷூ கம்பெனியில் என் லைனில் தைக்கிற சாந்தாக்காதான், சூப்பர்வைசரிடம் சொல்லி, வேஸ்ட் பையிலிருந்து ஆட்டுத்தோல் லைனிங் துண்டு எடுத்து, மூன்று கயிற்றுக்கும் உறை தைத்துக் கொடுத்தாள். ஓரம் மடித்து இரட்டைத் தையல். அந்த உறை இன்றும் அப்படியே இருக்கிறது.

ஊரே எண்ணும்

சாவு மணிக்கு ஒரு முறை உண்டு. ஆணுக்குப் பெரிய மணி, பெண்ணுக்கு நடு மணி, குழந்தைக்குச் சின்னது. மணியின் நாக்கில் ஒரு பக்கம் கெட்டித் தோல் கட்டுவோம், ஓசை கொஞ்சம் மங்கலாக வரும். தோலுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பிறகு இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. வயதை வீட்டாரிடம் கேட்பதில்லை. பாஸ்டர் ஐயா ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்துச் சீட்டு எழுதித் தருவார்.

மணி கேட்டதும் ஊர் எண்ண ஆரம்பித்துவிடும். எங்கள் ஆட்கள் மட்டுமில்லை. கறிக்கடை பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எண்ணுவார். நாற்பதைத் தாண்டினால் பெருமூச்சு விடுவார்கள். எழுபதைத் தாண்டினால், "சரி, நல்லா வாழ்ந்திருக்காங்க" என்று வேலையைப் பார்ப்பார்கள். இருபதில் நின்ற நாட்களும் உண்டு. அன்றைக்கு நான் கீழே இறங்கி யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

எண்ணிக்கை தவறாமல் இருக்கச் சுவரில் குறித்துக்கொள்வேன். ஷூவின் மேல்பாகத் தோலில் தையல் கோடு போட எங்களுக்குச் சில்வர் பேனா தருவார்கள். அதே பேனாவால் அறைச் சுவரில் பத்துக்கு ஒரு கோடு, மிச்சத்துக்குப் புள்ளிகள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரிசை. பதினோரு வருஷச் சாவுகள் அந்தச் சுவரில் வெள்ளியாக மின்னும்.

இன்னொரு முறையும் உண்டு. இரண்டு தெரு தள்ளிப் பள்ளிவாசல் இருக்கிறது. பாங்கு சொல்ல ஆரம்பித்தால் நாங்கள் மணியை நிறுத்திவிட வேண்டும். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவர்களும் எங்கள் சவ ஊர்வலம் அந்தத் தெருவைத் தாண்டும்வரை ஒலிபெருக்கியில் எதுவும் பேச மாட்டார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் சண்டை வந்திருக்கும்.

எண்ணக் கற்றுக்கொண்டவர்

நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனி சர்ச்சிலிருந்து ஐந்து நிமிஷ நடை. தையல் லைனின் கடைசியில் செக்கிங் மேஜை என்னுடையது. சாவு மணிக்கு ஒரு மணி நேரம் வெளியே போக எனக்கு அனுமதி உண்டு. கேட் பாஸில் காரணம் என்ற இடத்தில் 'மணி' என்று எழுதினால் போதும்.

புதிதாக ஒரு எச்.ஆர். மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர் பக்கம், சின்ன வயது. என் கேட் பாஸைப் பார்த்துவிட்டு, "மணின்னா என்னம்மா?" என்று கேட்டார். நானும் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மணி யாருக்கு, எத்தனை அடி, வயது எங்கிருந்து வருகிறது என்று விலாவாரியாக. அவருக்கு ஆச்சரியம். அதற்கப்புறம் மணி கேட்டால் ஆபீஸ் படியில் வந்து நின்று எண்ணுவார். நான் திரும்பி வந்ததும், "எழுபத்திமூணு, சரியா?" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

நல்ல மனிதர். யாரையும் 'வா, போ' என்று பேசியதில்லை. ஆனால் காகிதத்தில் இருப்பது காகிதத்தில் இருக்கிறபடி இருக்க வேண்டும் அவருக்கு. அந்த வருஷம் ஆதாரில் ஒரு வயது, பி.எஃப். கணக்கில் ஒரு வயது என்று இருந்த இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இரண்டு பேருமே ஐம்பத்தெட்டைத் தாண்டியவர்கள். எங்கள் கம்பெனியில் ஐம்பத்தெட்டு முடிந்தால் வேலை முடிந்தது.

நான்கு வருஷ இடைவெளியில் இரட்டையர்

சாந்தாக்காவும் வசந்தாக்காவும் இரட்டைப் பிறவிகள். அரை மணி நேரம் முந்தி வந்தவள் வசந்தா. ஆனால் காகிதத்தில் சாந்தா நான்கு வருஷம் சின்னவள்.

இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. ஐந்து வயதில் வசந்தாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சாந்தாவைத் திருப்பத்தூரில் அத்தை வீட்டுக்குக் கைக்குழந்தை பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது அவளுக்கு ஒன்பது வயது. எலும்பும் தோலுமாக வந்தாள். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனபோது, தலைமை ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஐந்து என்று எழுதினார். ஒன்றாம் வகுப்பென்றால் ஐந்து வயது, அவர் கணக்கு அவ்வளவுதான். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

அந்தச் சான்றிதழை வைத்து ரேஷன் கார்டு, அதை வைத்து ஆதார், இரண்டையும் வைத்துக் கம்பெனி கார்டு. எல்லாம் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. அவளுடைய நிஜ வயது இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று, எங்கள் சர்ச்சின் ஞானஸ்நானப் புத்தகம். அதில் ஒரே தேதியில் அடுத்தடுத்த வரியில் இரண்டு பெண்கள். இன்னொன்று, அந்தப் புத்தகத்தைப் பார்த்து அடிக்கிற மணி.

லைனில் எல்லாருக்கும் இது தெரியும். "சாந்தாக்கா நாலு வருஷம் லேட்டா பொறந்த ரெட்டை" என்று கிண்டல் செய்வார்கள். ஆபீசுக்கு மட்டும் தெரியாது.

வசந்தாக்காவுக்குக் கம்பெனி கார்டு கிடையாது. அவள் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவுக்குக் கைத்தையல் போட்டவள். ஏஜென்ட் மூட்டையில் கொண்டு வந்து கொட்டுவான், மெழுகு நூலால் தைத்து அடுக்கி வைப்பாள், அடுத்த நாள் எடுத்துப்போவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வேலைக்குப் போன நாளெல்லாம் தங்கையின் பெண்ணை மடியில் போட்டுக்கொண்டே தைத்தாள்.

அந்தப் பெண் பிரின்சி, சாந்தாக்காவுக்கு நாற்பது வயதில் பிறந்தவள். சாந்தாக்காவின் வீட்டுக்காரர் பிரின்சி மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே இறந்துவிட்டார். நான் சொல்லும் சமயத்தில் பிரின்சி தினமும் ரயிலில் வேலூர் போய் லேப் டெக்னீஷியன் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. சாந்தாக்காவின் வேலையை நம்பித்தான் அந்த இரண்டு வருஷமும் இருந்தது.

நீலக் கோடு

வசந்தாக்காவுக்குச் சர்க்கரை. காலில் வந்த புண் ஆறவே இல்லை. ஒரு நாள் விடிகாலையில் போய்விட்டாள். வேலைக்குப் போகிற வழியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாந்தாக்கா அழவில்லை. என் கையைப் பிடித்துப் பின்பக்கம் தண்ணீர்க் குழாய் அருகே இழுத்துக்கொண்டு போனாள்.

"எஸ்தரு, பேஜாராயிடுச்சு."

"இன்னாக்கா?"

"பிரின்சி பாப்பா லீவு லெட்டர் எழுதி போட்டோ புடிச்சு எச்.ஆர். சாருக்கு வாட்சப்புல அனுப்பிட்டா. என் அம்மாவின் ரெட்டைச் சகோதரி இறந்துட்டாங்கன்னு எழுதிக்கிறா. நீலக் கோடு வந்துடுச்சு, அவரு படிச்சிட்டாரு."

எனக்கு உடனே புரிந்தது. இரட்டை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மதியம் மணி அடித்தால் அக்காவின் வயது தெரிந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

"நாலு கம்மியா அடி எஸ்தரு. அம்பத்தாறோட நிறுத்திடு" என்றாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவள்மேல் இல்லை, என்மேல். அந்த மனிதருக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது என் வாய்தானே. பெருமை பேசாமல் 'மணி என்றால் மணி சார்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு முகமில்லை. சரிக்கா என்றேன்.

பன்னிரண்டு மணிக்குக் கேட் பாஸ் வாங்கப் போனபோது எச்.ஆர். சார், "சாந்தா அம்மாவோட சிஸ்டரா? பாவம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். சர்ச்சுக்கு நடந்தேன். ஒன்பதாவது படியில் கால் தடுக்கியது.

பாங்கு

ஐம்பத்தாறு அடித்து நிறுத்தினேன் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த இடத்துக்கு வந்துவிட்டோம். சுவரில் ஐந்து கோடு, ஆறு புள்ளி. நான் பேனாவை மூடுவதற்குள் பள்ளிவாசலில் மதியப் பாங்கு ஆரம்பித்தது.

படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. சாந்தாக்கா. செருப்பு இல்லை. தலை அவிழ்ந்திருந்தது. சாவு வீட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். சர்ச்சுக்குப் பின் சந்துதான் அவர்கள் வீடு.

"அம்பத்தாறா?" என்று கேட்டாள். மூச்சு வாங்கியது.

"ஆமாக்கா. நீ சொன்னாப்லதான்."

கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பாங்குக்கு மரியாதையாக மெல்லத்தான் பேசினாள்.

"அவ பக்கத்துலதான் குந்திக்கினு எண்ணிக்கினு இருந்தேன். அம்பத்தாறுல நின்னுச்சு பாரு, அப்டியே எழுந்து ஓடியாந்தேன். எனக்கு கம்பெனி கார்டு இருக்குது, பி.எஃப். இருக்குது, ஈ.எஸ்.ஐ. இருக்குது. அவ காலம் பூரா வூட்லயே குந்தி ஷூ தெச்சா. ஒரு ஆளு அவ வயச கேட்டதில்ல. இந்த மணி ஒண்ணுதான் கேக்குது. இதுலயும் நான் நாலு வருஷத்த எடுத்துக்கிறதா?"

"அக்கா, பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்குது."

"தெரியும்."

"அவரு படியில நின்னு எண்ணிக்கினு இருப்பாரு."

"எண்ணட்டும்."

நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "நீ எனக்கு குடுத்த வார்த்தைய காப்பாத்திட்ட. இது நான் இழுக்கிறது."

பாங்கு முடியும்வரை இரண்டு பேரும் நின்றோம். அவள் தைத்த உறையை அவளே பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அவள் அந்த அறைக்கு வந்ததில்லை. முடிந்ததும் இழுத்தாள். நாக்கு மணியைத் தொடவே இல்லை. வெறும் கயிறு கிறீச்சிட்டது.

"இது கணக்குல வருமா?" என்றாள்.

"வராதுக்கா. நல்லா இழு. தோளிலிருந்து இழு."

அடுத்தது சரியாக விழுந்தது. ஐம்பத்தேழு. அது அடங்கும்வரை காத்திருக்கச் சொன்னேன். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. கடைசி அடியை மட்டும் கொஞ்சம் பலமாக இழுத்தாள், கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்தன. பிறகு என் கையிலிருந்து சில்வர் பேனாவை வாங்கி, என் ஆறு புள்ளிக்குப் பக்கத்தில் நாலு புள்ளி வைத்தாள். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். எத்தனையோ சாவுக்கு மணி அடித்திருக்கிறேன், அந்த அறையில் அழுதது அன்று ஒருநாள்தான்.

எண்ணத் தெரியாத லைன்

கம்பெனிக்குத் திரும்பியபோது எச்.ஆர். சார் படியில்தான் நின்றிருந்தார். வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை.

நாலாம் நாள் சாந்தாக்கா வேலைக்கு வந்தாள். தன் மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். பதினோரு மணி வாக்கில் எச்.ஆர். சார் லைனுக்கு வந்தார். கையில் பிரின்சியின் கடிதம், பிரிண்ட் எடுத்தது. அந்த மனிதருக்கும் இது பிடித்த வேலையில்லை என்று முகத்தில் தெரிந்தது.

நேராகச் சாந்தாக்காவிடம் போகவில்லை. முதல் மெஷினில் இருந்த பெண்ணிடம், "அன்னிக்கு மணி கேட்டீங்களா? எத்தனை அடிச்சாங்க?" என்றார்.

"அம்பத்தஞ்சு சார்" என்றாள் அவள்.

பக்கத்தில் இருந்தவள், "இன்னாடி, அம்பத்தேழு" என்றாள்.

"ரெண்டு பேருக்கும் காது அவுட்டு. அறுபத்தொண்ணு" என்றாள் மூன்றாமவள்.

இன்னொருத்தி நாற்பத்தெட்டு என்றாள். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

சலீமா எழுந்து நின்றாள். எங்கள் லைனில் வேகமான கை அவளுடையது. "நடுவுல பாங்கு வந்திருச்சு சார். நான் துவா பண்ணிக்கினு இருந்தேன். எண்ணிக்கை போய்டுச்சு. கம்மியா, ஜாஸ்தியா, ஒண்ணும் தெரியல" என்றாள்.

இந்த நாற்பது பேரும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான ஜோடிகளைக் கையில் எண்ணி அனுப்புகிறவர்கள். இவர்களில் யாரும் ஒரு ஜோடி தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியில் என் மேஜைக்கு வந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதான் அடிச்சது. எத்தனை?"

சாந்தாக்காவின் மெஷின் நின்றுவிட்டது. நான் இத்தனை காலம் கணக்கில் பொய் சொன்னவள் இல்லை.

"நான் அம்பத்தாறு அடிச்சேன் சார். அதுக்கு மேல நான் ஒண்ணும் இழுக்கல."

"நான் அறுபது எண்ணினேன்."

அவரையே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால், வேறு யார் இழுத்தது என்று ஒரே ஒரு கேள்வி, நான் சொல்லியிருப்பேன். என் நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. அவர் திரும்பி லைனைப் பார்த்தார். ஒரு தலையும் நிமிரவில்லை. எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றைத் தவிர.

"இத்தனை பேர் இருக்கீங்க" என்றார். "நான்தான் ஊருக்குப் புதுசு. தப்பா எண்ணியிருப்பேன்."

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சாந்தாக்காவின் மெஷின் ஓட ஆரம்பித்தது. அன்று மாலை ஜோடிகளை எண்ணிக் கட்டினேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

அதற்குப் பிறகு அவர் மணிக்குப் படியில் வந்து நிற்பதை விட்டுவிட்டார். எனக்கு அது வருத்தம்தான். ஊரில் சரியாக எண்ணுகிறவர்களில் அவரும் ஒருவர்.

போன மாதம்

பிரின்சி படிப்பை முடித்து வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்துவிட்டாள். போன மாதம் சாந்தாக்காவுக்குக் காகிதப்படி ஐம்பத்தெட்டு முடிந்தது. கேண்டீனில் வைத்து வழியனுப்பினோம். எச்.ஆர். சாரே சால்வை போட்டார். "ஐம்பத்தெட்டு வயது நிறைந்து ஓய்வு பெறும் சாந்தா அம்மாவுக்கு..." என்று பேசிவிட்டு, "எல்லாரும் கைதட்டுங்க" என்றார்.

சலீமாதான் ஆரம்பித்தாள். சடசடவென்று தட்டவில்லை. ஒரு தட்டு, ஒரு இடைவெளி. மறுபடி ஒரு தட்டு. நான் மணி அடிக்கிற அதே நிதானம். நாலாவது தட்டில் லைன் மொத்தமும் சேர்ந்துகொண்டது. யாரும் பேசி வைத்ததாக எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இருபதைத் தாண்டியதும் எச்.ஆர். சாரின் உதடு அசைவதைப் பார்த்தேன். எண்ணுகிறார். சாந்தாக்கா சால்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வந்தது. அவர் போதும் என்பதுபோலக் கையைத் தூக்கினார்.

யாரும் நிறுத்தவில்லை. ஐம்பத்தொன்பது. அறுபது. அவர் கையை இறக்கிக்கொண்டார். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

நாற்பது பேரும் ஒன்றாக நிறுத்தினார்கள். ஒரு தட்டுக்கூட மிச்சமில்லை. சாந்தாக்கா தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள்.

எச்.ஆர். சார் சலீமாவைப் பார்த்து, "இன்னிக்கு நடுவுல பாங்கு வரல போல" என்றார்.

"வரல சார்" என்றாள் சலீமா.